குப்பியில் நம்ம ஊர் விரியனுக்கு உள்ள பங்கு

தங்கச்சி,

நர்ஸ் விஷமுறிவு மருந்துக் குப்பியைக் குலுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டுகிறார். வெள்ளைப் பொடி தண்ணீரில் கரைகிறது. குலுக்கினால் நுரைத்துவிடும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. கட்டிலில் உன் அண்ணி. காலையில் அறுவடை மெஷின் போன வயலில் வைக்கோல் அள்ளும்போது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது.

சென்னையில் உன் ஆய்வுக்கூடத்துக்கு நான் வந்த அன்று, மூலக்கூறுகளை எடை போடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைக் காட்டினாய். "எடை பாக்க இவ்வளவு பெரிய மெஷினா? நம்ம நெல்லுக் கடைத் தராசைத் தூக்கிட்டு வரவா?" என்றேன்.

"அண்ணே, நீங்க மூட்டையை எடை பாக்குறீங்க. நான் உள்ள என்னென்ன ரகம் கலந்திருக்குன்னு பாக்குறேன்."

குதிரைக்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்பு விஷத்தையும் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதங்களின் கலவை இந்த மருந்து. அந்தக் குதிரை பார்த்த கிருமிக்கெல்லாம் எதிராக உண்டான புரதங்களும் அதே குப்பியில்தான் கிடக்குமாம். விஷத்தில் ஒட்டுவதை மட்டும் பிரித்து, துண்டாக்கி, துண்டுகளின் எடையை வைத்து எது எவ்வளவு என்று சொல்வது உன் வேலை. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பொன்னி நெல் என்று வரும் மூட்டையில் மாதிரி எடுக்கக் குத்தூசி விட்டு இழுத்தால், கையில் வேறு நெல்லும் சேர்ந்து வருமே, அதுதான்.

"அப்ப நம்ம ஊர் விரியனுக்கு இதுல எவ்வளவு இருக்கு?"

"ஊருக்கு ஊர் விஷம் மாறும் அண்ணே. அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பார்த்து முடிப்பதற்குள் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மருந்து ஏறுகிறது என்று சொந்தக்காரர்கள் தைரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மட்டும் எழுந்து நின்று சொட்டுகளை எண்ணுகிறேன். இறங்கும் சொட்டில் எது அவளுக்கானது, எது சும்மா? கேட்க நீ இல்லை. உன் நம்பரை மட்டும் போனிலிருந்து அழிக்கவில்லை.

விரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைத்துப் பார்த்தார்கள். முதலில் சாய்த்தபோது தண்ணீராக ஓடியது. டாக்டர் இன்னும் குப்பிகள் ஏற்றச் சொன்னார். சாயங்காலம் மறுபடி சாய்த்தார்கள். ஓடவில்லை.

"உறைஞ்சிருச்சுங்க," என்றார் நர்ஸ்.

"இன்னொரு தடவை சாய்ச்சுக் காட்டுங்கம்மா."

"ஒரு தடவை பாத்தா நம்ப மாட்டீங்களா? நெல்லு வியாபாரியா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே காட்டினார்.

ஆனாலும் விரியன் விஷம் சிறுநீரகத்தையும் கெடுக்கும்; அது தப்பியதா என்று நாளைக்குத்தான் தெரியுமாம். அடுத்த கட்டிலிலும் விரியன் கடிதான், வடசேரிப் பக்கத்துப் பையன்; வேறு ஊர்ப் பாம்பு, ஆனால் அவனுக்கும் இதே மருந்துதான். டாக்டர் வந்ததும் கேட்கப்போகிறேன்: இந்த மருந்து எந்த ஊர்ப் பாம்பு விஷத்துக்குச் செய்தது? பதில் தெரியாது என்றால், தெரிந்தவர் யார் என்று கேட்பேன். நீ இருந்தால் கேட்காமல் விட்டிருக்க மாட்டாய்.