ஜெனி சாப்பிட்ட கிறிஸ்துமஸ்

என் அன்பான அப்பாவுக்கு,

நீங்கள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் முடிந்தது. எப்போதும்போல் மட்டன் பிரியாணி, வீடு நிறையச் சொந்தம். உங்கள் பேத்தி ஜெனி இந்த வருடம் வயிறாரச் சாப்பிட்டாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் நடந்தது நினைவிருக்கிறதா? ஜெபம் முடிவதற்குள் மூன்று முறை எழுந்தாள். நான்காவது முறை அவள் கை பட்டு, குழம்புக் கிண்ணம் அத்தையின் புதுப் பட்டுப்புடவையில் கவிழ்ந்தது. நீங்கள் கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒன்பது வயதுப் பிள்ளையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினீர்கள். வகுப்பறைகளை அடக்கிப் பழகிய வாத்தியார் கை. சிலர் சிரித்தார்கள்.

அவளுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது, ஓரிடத்தில் நிலையாக உட்கார முடியாத குறைபாடு அது, வேண்டுமென்று செய்வதில்லை என்று வேலூர் டாக்டர் சொன்னதை உங்களிடம் முன்பே சொல்லியிருந்தேன். "திமிருக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வெச்சிகினு வந்துட்டியா?" என்றீர்கள்.

கட்டும்போது அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் சமையலறைக்குப் போய் அப்பளம் பொரித்தேன், அப்பா. திரும்பி வந்தபோது அவள் உட்கார்ந்தபடியே ஃபிராக்கை நனைத்திருந்தாள். அதன்பின் நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

இந்த முறை டாக்டர் சொன்னபடி செய்தேன். பசியோடு காத்திருக்க வைக்காமல் முன்னதாகவே இரண்டு இட்லி கொடுத்தேன். கதவோரம் நாற்காலி. பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், பிறகு எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றலாம் என்று முதல் நாளே பேசி வைத்தோம். ஜெபத்தையும் சுருக்கச் சொன்னேன். ஆறு நிமிஷம் உட்கார்ந்தாள். ஜக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள், பாதியைத் தரையில் சிந்தினாள், வந்து இரண்டு வாய் சாப்பிட்டாள், மறுபடி எழுந்தாள்; இப்படியே தட்டைக் காலி செய்தாள்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன் இருந்திருந்தா இப்டி ஆடிகினு இருக்குமா இது?" என்றார்.

"இருந்திருந்தா அவ சாப்ட்டிருக்க மாட்டா அத்தை" என்றேன்.

அத்தை பாதியில் கை கழுவிவிட்டுக் கிளம்பினார். நான் தடுக்கவில்லை.

இன்னொன்றை மறைக்க நினைத்தேன். அன்று காலை ஜெனி கேட்டாள், "தாத்தா நெஜமாவே வரமாட்டாராம்மா?" வரமாட்டார் என்றேன். "அப்போ நான் எல்லார்கூடவும் உக்காந்து சாப்புட்றேன்." அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் முகத்தில் மட்டும்தானா?

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீங்கள் அவளைப் பார்க்கக் கேட்டீர்கள். பரீட்சை இருக்கிறது என்றேன். பொய். உங்களைத் தண்டிக்க அது ஒன்றுதான் என் கையில் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினீர்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டீர்களா? அவளுக்கும் வர ஆசை இருந்ததா? நான் அவளைக் கேட்கவே இல்லை.

வருஷ நினைவு நாளுக்குக் கல்லறைக்கு வருவேன். இந்த முறை ஜெனியைக் கேட்பேன். அவள் சரியென்றால் மட்டும் கூட்டிவருவேன். ஜெபத்தின் நடுவே எழுந்து ஓடினால் ஓடட்டும். என் கையால் அவளைப் பிடித்து நிறுத்த மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மகள்,
ஜெனியின் அம்மா,
ஸ்டெல்லா