மீன்தோல் தாளில் எள்ளுருண்டை

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தட்டில் ஊற்றிய ஜெலட்டின் ஃபிலிம் இன்னும் பிசுபிசு. கிளிசரின் அதிகமோ? அடுத்த தடவை குறைக்க வேண்டும். செஞ்சி மார்க்கெட்டில் மீன் விற்கும் செல்வியக்கா உரித்த தோல் ஒரு வாளி தந்தார். "இந்தக் கழிவ வச்சிக்கினு இன்னாமா பண்ற? பூனை கூட வேணாங்குது." கழுவி, ஜெலட்டின் எடுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டாயிற்று.

வீட்டுக்குக் கிளம்பும்முன் பட்டறையிலேயே குளியல், வேறு சுடிதார். சமணக் குடும்பம். முட்டை கூட வாசல்படி ஏறியதில்லை. மக்கிப் போகிற பேப்பர், ஜெலட்டினில் செய்தது. நைனாவுக்குச் சொன்னது அவ்வளவுதான். ஜெலட்டின் என்றால் என்ன என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எறியப்போகிற தோல்தானே, நானா கொன்றேன்?

வாங்க வேண்டியது: வினிகர், வடிகட்டத் துணி, டெட்டால்.

நவ. 13, வியாழன்

வெயில்! ஃபிலிம் கிழியாமல் உரிந்து வந்தது. வாடை துளியும் இல்லை. மோந்து மோந்து பார்த்தேன். ஒரு கட்டு வீட்டுக்கு. நைனா ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெருமை தாங்கவில்லை எனக்கு.

நவ. 15, சனி

ஊர்க் கோயிலில் பூஜை. நான் போகவில்லை, செஞ்சியில் வேலை. சாயங்காலம் மேல்சித்தாமூர் திரும்பினால் நைனா முகமெல்லாம் சிரிப்பு. கோயிலில் அவர் கையால் கொடுத்த எள்ளுருண்டை அத்தனையும் என் ஃபிலிமில் சுற்றியிருக்கிறார்.

"நாக்குல வச்சா கரையுதுன்னேன். பசங்க பேப்பரோட தின்னுட்டானுங்க. நானுந்தான்!"

சிரித்துக்கொண்டே "நல்லது நைனா" என்றேன். நல்லதாம்! என் வாயில் மண்ணைப் போட.

குடிக்கிற தண்ணீரில் எறும்பு மிதந்தால் விரலால் ஏந்தி வெளியே விடுகிற மனிதர் அவர்.

நவ. 16, ஞாயிறு

செல்வியக்காவிடம் சொல்லி அழுதேன். "சொல்லாத. தெரியாம தின்னா பாவமில்ல. நீ சொன்னாதான் அந்த மனுசன் ஒடிஞ்சிடுவாரு." கொஞ்சம் ஆறுதல். மத்தியானம் வரை. அப்புறம் நைனா போன்.

"வல்லத்துல நம்மாளுங்க கல்யாணம். பலகாரம் சுத்தித் தர இந்தப் பேப்பர் கேக்கறாங்கம்மா. தரேன்னு ஒத்துக்கினேன்."



நவ. 17, திங்கள்

சொல்லிவிட்டேன். காலையில், அவர் இட்லித் தட்டு முன்னால் உட்கார்ந்தபோது. "நைனா, அது மீன் தோல்ல செஞ்சது."

கத்துவார் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டார். தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு:

"சனிக்கிழம நான் வந்து சொன்னப்பவே உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்ப ஏம்மா சிரிச்ச?"



சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். உருண்டை வாங்கின வீடு ஒவ்வொன்றுக்கும் போய்ச் சொல்லப் போகிறாராம். நானும் வரேன் நைனா என்றேன். "வேணாம். கையால குடுத்தது நானு."

இருட்ட ஆரம்பித்துவிட்டது. பொழுது சாய்ந்தால் அவர் சாப்பிட மாட்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். நைனா இன்னும் வரவில்லை.