போன் கெட்டுப்போகவில்லை, அக்கா

என் சுமதியக்காவுக்கு,

அன்றைக்கு உன் போனில் எந்தக் கோளாறும் இல்லை. நான்தான் பொய் சொன்னேன். இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஐந்து நாள் இருந்தது. சொல்லவில்லை. இப்போது ஊரறிய எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். திருச்செங்கோட்டில், உன் வீட்டு மாடி அறையில், நீயும் நானும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். படம் வரைவதும் நிரல் எழுதுவதும் நான். இசை நீ. கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு பத்து வருஷம் கீபோர்டு வாசித்த கை உன்னுடையது.

விளையாட்டின் கதை மாமாவுடையது. உன் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். வடக்கே போனால் மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்புவார். "ராடு எறங்கறப்பப் பாற மாறுனா சத்தம் மாறும் மாப்ள, காத வெச்சுட்டே நிக்கோணும்" என்று அவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் தொடங்கினேன். காய்ந்த தோட்டத்தில் ரிக் வண்டி நிற்கும். துளை போடும் இரும்பு ராடு மண்ணுக்குள் இறங்கும். சத்தத்தை வைத்து, தண்ணீர் தட்டிவிட்டதா, இன்னும் இறக்குவதா நிறுத்துவதா என்று விளையாடுகிறவர் முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

நீ பதினோரு மெட்டு போட்டாய். ஒவ்வொன்றுக்கும் "நல்லாருக்குக்கா" என்றேன். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பாட்டு ஓடினால் பாறை கேட்கவில்லை. பாட்டைக் குறைத்து வைத்தால் எங்கேயோ பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடுவதுபோல் இருந்தது.

"நம்மளாட்டம் கைக்காசப் போட்டுச் செய்யறவங்களுக்குப் பின்னணி இசை எதுக்குக்கா? பஸ்ஸுல வெளையாடறவங்க பாதிப் பேரு சத்தத்த அமுக்கிப்போட்டுத்தான் வெளையாடறாங்க" என்றேன்.

"அமுக்கிப்போட்டு வெளையாடறவனுக்கு உன்ற பாறையும்தான்டா கேக்காது" என்றாய் நீ. "காசில்லாதவங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு மேளம் வேண்டாங்கறயா? மண்டபத்துல நாங்க வாசிக்கறத நிறுத்துனா, பந்தியில ஒக்காந்திருக்கறவங்கூட நிமுந்து பாப்பான். பாட்டு இல்லாத எடத்துல ஆளு நெம்ப நேரம் ஒக்கார மாட்டான், சாமி."

வாதத்தில் தோற்கிறவன் செய்கிற திருட்டு வேலையைத்தான் செய்தேன். பெங்களூரில் சிறு குழுக்களின் விளையாட்டுகளுக்கென்று ஒரு கண்காட்சி. அதன் தேர்வுக்கு, உன்னிடம் கேட்காமல், பதினோரு மெட்டையும் நீக்கிவிட்டு விளையாட்டின் மாதிரியை அனுப்பினேன். நாம் இருவரும் திறக்கும் கோப்புறையிலேயே அதன் நகல் கிடந்ததை மறந்துவிட்டேன்.

நீ நாமக்கல் பஸ்ஸில் போகும்போது அதைத் திறந்தாய்.

"டேய் பூபதி, என்ற போன்ல பாட்டே வரலடா. கடகடன்னு மெஷின் சத்தந்தான் வருது. போன் கெட்டுப்போச்சா?"

"ஸ்பீக்கர்ல ஏதாச்சுந் தூசி கீசி அடைச்சிருக்கும்க்கா."

"அப்படியா? செரி, காட்டிப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டாய். சந்தேகமே இல்லாத குரல். அதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

அதன்பின் ஐந்து நாள் நீ பேசவில்லை. மாடிக்கு டீ கொண்டுவந்து வைப்பாய், திரும்பிவிடுவாய். தலைவலி என்றார் மாமா. தலைவலிதான் போலிருக்கிறது என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். தலைவலியும் நிஜம்தான். ஆறாம் நாள் காலை சமையலறையில் விழுந்தாய். தலையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாய். உன் காதருகே குனிந்து எத்தனையோ பேசினேன். இதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. ஏன் அக்கா? கேட்டுவிடுவாய் என்று பயந்தேனா?

காரியமெல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து, விளையாட்டு தேர்வாகிவிட்டது என்று பெங்களூரிலிருந்து தகவல் வந்தது. முழு வடிவத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மதியம் மாமா மாடியேறி வந்தார். உட்காரவில்லை.

"அவ பாட்டெல்லாம் இருக்குதுல்ல?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கறேனில்ல மாப்ள. இருக்குதா, இல்லையா?"

"இல்லீங்க மாமா. அது... வெளையாட்டுக்கு இடைஞ்சலா..."

"அன்னைக்கு அவ போனத் தூக்கீட்டுக் கடைக்குப் போனா, தெரியுமா உனக்கு?" மாமா குரலை உயர்த்தவே இல்லை. "நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரன் ஒரு பாட்டப் போட்டுக் காட்டுனான். கணீர்னு கேட்டுச்சு. அவ காதுல வெச்சுக் கேட்டா. போன வாங்கிப் பையில போட்டுட்டு ஊட்டுக்கு வந்துட்டா. அதுக்கப்புறம் கீபோர்டத் தொறக்கவே இல்ல."

"உங்ககிட்ட எதாச்சுஞ் சொன்னாளுங்களா?"

"உன்னையப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே டீ வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

"பதினொண்ணையும் போடு. ஒண்ணு கொறையக் கூடாது" என்றார் மாமா.

எதை வைத்து மறுப்பேன்? எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தேன். முடித்தபோது மணி இரண்டரை. சரியாக ஓடுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். ஹெட்போனை மாமாவிடம் கொடுத்தேன். வேண்டுமென்றுதான் கொடுத்தாயா என்று நீ கேட்டால், ஆமாம் என்றும் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

உன் முதல் மெட்டு தொடங்கியதும் அவர் முகம் இளகியது. முதல் தோட்டத்தில் தண்ணீரைத் தவறவிட்டார். "பரவால்ல" என்றார். இரண்டாவதிலும் விட்டார். மூன்றாவதில் முதுகை நிமிர்த்திக்கொண்டார். இருபது வருஷம் ரிக் வண்டியில் நின்றவர் அக்கா. திரையில் ராடு இறங்க இறங்க, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"இங்க ஈரந் தட்டோணும்... கேக்க மாட்டேங்குதே."

அடுத்த ராடையும் இறக்கிப் பார்த்தார்.

"மாப்ள, இந்தப் பாட்ட எங்க அமுக்கறது?"

சொல்வதா வேண்டாமா? சொன்னால் உன் பாட்டை அவர் கையாலேயே நிறுத்தவைத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் இன்னொரு பொய். "எடது பக்க மூலைலீங்க மாமா" என்றேன்.

அமுக்கினார். ராடு இறங்கியது. சட்டென்று கையை எடுத்து, "ஆச்சு! நிறுத்து!" என்று வண்டியில் நிற்கிற ஆளைப்போலச் சத்தம் போட்டார். திரையில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. நீ போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நானும் அவள அமுக்கிப்போட்டேனே, சாமி."

மணி மூன்றேகால். "மாமா, எல்லாப் பாட்டோடயே அனுப்பிடறேனுங்க. வெளையாட்டு எப்படிப் போனாப் போகட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். திரையில் அடுத்தடுத்த தோட்டங்களைத் தள்ளிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி வராத தோட்டம் இருக்குதா இதுல?"

"நாலாவதுங்க. எவ்வளவு எறக்குனாலும் வராது. ‘தண்ணீர் இல்லை’ன்னு எழுத்து வரும், அடுத்த தோட்டத்துக்குப் போயிரும்."

"அவ்வளவுதானா?" என்றார். "தண்ணி வந்துட்டாப் பாட்டு எதுக்கு, ஊரே சத்தம் போடும். வராத போனாத்தான் மாப்ள... ராடு ஒவ்வொண்ணாக் கழட்டி ஏத்தோணும். தோட்டத்துக்காரர் வரப்புல ஒக்காந்திருப்பாரு. ஒருத்தரும் பேச மாட்டோம். வண்டி நவுர்ற வரைக்கும் அவரு மூஞ்சியப் பாக்க முடியாத எங்கயாச்சும் பாத்துட்டு நிப்பேன். அங்க போடு. அவ அங்க இருக்கட்டும்."

ஒன்றரை மணி நேரம் அக்கா. ‘தண்ணீர் இல்லை’ என்ற எழுத்தைத் தூக்கினேன். நான்காவது தோட்டத்தில் விளையாடுகிறவரே ராடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வண்டியில் ஏற்றும்படி மாற்றினேன். ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைச்சல் நிற்கும், ஒரு மூச்சு அமைதி, பிறகு உன் ஏழாவது மெட்டு. கடைசி ராடு ஏறும்வரை அது ஓடும். மற்ற பத்தையும் எடுத்துவிட்டேன். இந்த முறை மாமா பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்க எடுத்தேன். கோப்பு ஏறத் தொடங்கியபோது ஐந்து ஆகப் பன்னிரண்டு நிமிடம். பாதியில் நெட் நின்றது. மாமா தன் போனை எடுத்து இணைப்புக் கொடுத்தார். ஏறி முடித்ததும் இருவரும் கீழே இறங்கினோம்.

போன வாரம் பெங்களூர் போய் வந்தோம். ஒருவர் விளையாடிவிட்டு, "மியூசிக்குக்கு பட்ஜெட் இல்லையா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். இன்னொருவர் நான்காவது தோட்டம் வரை வராமலே எழுந்து போனார். ஒரு பெண் வந்தார், நம் பக்கத்துத் தமிழ். நான்காவது தோட்டத்தில் ராடுகளை வேகவேகமாக ஏற்றிக்கொண்டு வந்தவர், உன் மெட்டு கேட்டதும் மெதுவானார். கடைசி ராடைக் கையில் வைத்துக்கொண்டு, மெட்டு முடியும்வரை ஏற்றவே இல்லை. அப்புறம் திரும்பி, "இது யார் போட்டது?" என்றார்.

"என் அக்கா."

"அவங்க வரலையா?"

மாமாதான் சொன்னார்: "இல்லீங்க. செத்துப்போயிட்டா." அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

சிறிய விளையாட்டுக்கு இசை வேண்டுமா வேண்டாமா என்று நமக்குள் நடந்த வழக்கில் யார் ஜெயித்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. வேறொன்றுதான் அரிக்கிறது. நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால், மூன்று பேரும் உட்கார்ந்து கத்திச் சண்டை போட்டிருந்தால், மாமா அந்த இடத்தைச் சொல்லியிருப்பார். அந்த இடத்துக்கென்றே நீ ஒன்று போட்டிருப்பாய். அது எப்படி இருந்திருக்கும் அக்கா?

மீதிப் பத்து மெட்டும் என்னிடம் இருக்கின்றன. நீ இல்லையே என்ற இரக்கத்தில் அவற்றைப் பொருந்தாத இடத்தில் திணிக்க மாட்டேன். பொருந்துகிற இடம் கிடைத்தால் போடுவேன். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று உன் படத்துக்கு முன்னால் வந்து நின்று சொல்வேன். நீ என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

நேரில் சொல்லத் துணியாமல் போன உன் தம்பி,
பூபதி