நாற்பது தொட்டி பீன்ஸும் என் கையெழுத்தும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, தம்பிக்கு இருமல் நின்றுவிட்டது, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் பத்து நாளாகக் கொதிக்கிறது. போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி வீட்டில் நாற்பது தொட்டியில் பீன்ஸ் போட்டிருக்கிறோம் என்றேனே, அதில்தான் வினை. புதிதாக வந்த மேற்பார்வையாளர், சுத்தக்காரர் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம், கிருமி இருக்கும் என்று விதைக்கு முன்பே அத்தனை மண்ணையும் நீராவியில் வேகவைத்துவிட்டார். பீன்ஸ் வேர் சும்மா கிடக்காது, மண்ணில் ஏதேதோ ரசாயனத்தைக் கசியவிடும், அதை மோப்பம் பிடித்து ஒரு வகை பாக்டீரியா வந்து வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியேறும், காற்றில் இருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும், செடி பதிலுக்குச் சர்க்கரை தரும். பன்னிரண்டு வருடம் தண்ணீர் ஊற்றியவளுக்கு இதுகூடத் தெரியாதா? அன்றைக்கே சொன்னேன், "சார், வேர் கூப்பிடும், வர்றதுக்குத்தான் ஆள் இருக்காது" என்று. "நீங்க தண்ணிய மட்டும் பாத்துக்கங்கம்மா" என்றார்.

ஐந்தாவது வாரம் இலையெல்லாம் மஞ்சள். நான் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவைத்துவிட்டேனாம்! ஒரு செடியைப் பிடுங்கி, குழாயடியில் கழுவிக் காட்டினேன், வெள்ளை வெளேரென்ற வேர், அழுகலும் இல்லை, முடிச்சும் இல்லை. அதற்கு அந்த மனிதர், "ஒரு செடிய வீணாக்கிட்டீங்க" என்கிறார். எருமை மேல் மழை பெய்த கதைதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் நம் பால்கனி பீன்ஸ் தொட்டியிலிருந்து ஒரு டப்பா மண் கொண்டுபோய் மூன்று தொட்டியில் போட்டேன், திருட்டுத்தனமாக இல்லை, சீட்டு ஒட்டி, பதிவேட்டிலும் எழுதினேன். மூன்றே வாரத்தில் அந்த மூன்று மட்டும் பச்சை. அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, கலப்படம் என்று மூன்றையும் குப்பையில் கொட்டி, ஏன் ஆராய்ச்சியில் கை வைத்தாய் என்று விளக்கம் கேட்டுத் தாளும் கொடுத்துவிட்டார்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "மன்னிப்புக் கேட்டுட்டுப் போயேன், ரிட்டயராக ரெண்டு வருஷந்தானே" என்று. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. குப்பையிலிருந்து ஒரு செடியை எடுத்து வேரைக் கழுவினேன், மணி மணியாக முடிச்சு, நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு, பாக்டீரியா வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதையும் முடிச்சில்லாத வேரையும் விளக்கத்தோடு வைத்து, வெளியூர் போயிருந்த எங்கள் தலைமை விஞ்ஞானி அம்மா வந்ததும் கையில் கொடுத்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாற்பது தொட்டியையும் வேகவைக்காத மண்ணில் புதிதாகப் போடச் சொல்லிவிட்டார். ஆனால் கேட்காமல் மண் போட்டதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம், சுத்தக்காரருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. அறிக்கையில், குறையைக் கண்டுபிடித்தது 'ஆய்வுக்குழு'வாம். கேட்காமல் செய்தது என் தப்புதான், எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, "தண்ணீர் சரியாகத்தான் ஊற்றினேன்" என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ உன் வேலையிடத்தில் என்னைப் போல அவசரப்படாதே, வாயை மூடிக்கொண்டும் இருக்காதே. பல் டாக்டரிடம் போகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமே போ. இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

கோபம் இன்னும் தீராத
உன் அம்மா