தோளில் கோடாலி வைத்த இயேசு

நத்தார்ப் பண்டிகைக்கு வெள்ளையடிக்க வந்தவர் இன்று காலை முற்றத்தில் சுண்ணாம்பு கரைத்தார். அது கொதித்த மணம் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வரை வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ காய்ச்சலில் போய் ஏழு வருடமாகிறது. இந்தக் கோபம் மட்டும் போகவில்லை. இருக்கட்டும், எனக்கு அது வேண்டும்.

திருகோணமலைப் பட்டினத்தில் ஞாயிறு பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். சனிக்கிழமைகளில் லோஞ்ச் படகு ஏறி மூதூருக்கு வந்து, சம்பூரையும் தாண்டி நடந்து, உங்கள் வேடர் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லும்படி சபை அனுப்பியது. ஒரு கட்டு வண்ணப் படங்களும் தந்தது. அதிலிருந்த செம்மறியாட்டைப் பார்த்துப் பிள்ளைகள் "மயிர் மண்டின பண்டி" என்று, அதைப் பன்றியாக்கி, உருண்டு சிரித்தார்கள். கொட்டில் வாசலில் என் வயதுக்காரி ஒருத்தியும் சிரித்துக்கொண்டு நின்றாள். அது நீ.

"படத்தச் சுருட்டி வையுங்க ரீச்சர். நீங்க கதையச் சொல்லுங்க, நான் கீறுறன்" என்றாய்.

ஆண்கள் காட்டுக்குப் போன நேரத்தில் உங்கள் பெண்கள் சாம்பலைக் குழைத்து மண்சுவரில் விரலால் படம் கீறுவார்கள். உருவங்களுக்குக் கண், மூக்குக் கிடையாது. கையில் இருப்பதை வைத்துத்தான் ஆள் யாரென்று பிடிக்க வேண்டும். நோவாவுக்கு ஒரு துடுப்பைக் கொடுத்தாய். தாவீதுக்குக் கவண். இயேசுவிடம் வந்ததும் விரல் நின்றது.

"இவர்ர கையில என்ன இருக்கு?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாம என்னெண்டு சீவிச்சவர்? தொழில் என்ன?"

"தச்சுத் தொழில்."

"அத முதல்ல சொல்லுங்களன்!" என்று அவர் தோளில் கோடாலியை ஏற்றிவிட்டாய், உங்கள் ஆண்கள் வைக்கிற மாதிரியே. பிள்ளைகள் சிரிப்பை விட்டுச் சுவருக்குக் கிட்டப் போனார்கள். "எங்கட பெரியப்பா மாதிரி" என்றாள் ஒரு பொடிச்சி. அன்றுதான் அவர்கள் என் கதையைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

செய்தி பட்டினத்துக்குப் போயிற்று. எனக்கு மேலிருந்த போதகர் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். "ஆண்டவர் என்ன கொள்ளைக்காரனா? நான் அங்க வரமுதல் வெள்ளையடிச்சு அழிச்சுப்போடுங்கோ. இல்லாட்டி உங்களுக்கு வேலையில்லை."

நான் பயந்தேன். அடுத்த சனிக்கிழமை சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கத்தால் உடம்பு கூசுகிறது.

நீ விஷயத்தைக் கேட்டாய். வாளியை எட்டிப் பார்த்தாய். "நல்ல வெள்ளை. சாம்பல் இப்பிடி எடுக்காது" என்றாய். ஒரு குச்சியின் நுனியை நசுக்கி, அதில் தோய்த்து, இயேசுவைச் சுற்றிப் பிள்ளைகளைக் கீறத் தொடங்கினாய். பெயர் சொல்லிச் சொல்லி, ஒருத்தரையும் விடாமல், உன் மகளையும் சேர்த்து. ஒருத்தி கையில் தண்ணீர்க்குடம், ஒருத்தன் கையில் தூண்டில். வாளி முடிந்தபோது சுவரும் நிறைந்துவிட்டது. ஐயா கேட்ட வெள்ளை தாராளமாக இருந்தது!

அவர் வந்தார். சுவரைப் பார்த்தார். முகம் கறுத்தது. "இந்தப் படம் பிழை எண்டு இப்பவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ" என்றார் என்னிடம். நீ பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தாய். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

"ஏலாது ஐயா" என்றேன்.

ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே நான் சொன்ன முதல் ஏலாது. வேலை அன்றோடு போயிற்று. அடுத்த சனிக்கிழமை யாரும் அனுப்பாமலே லோஞ்ச் ஏறினேன். வேலை போன ஆளுக்கு நீ மரவள்ளிக் கிழங்கு அவித்து வைத்திருந்தாய். வாளியைப் பற்றி ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

அந்தச் சுவர் மாரி மழையில் கரைந்துவிட்டது. போகட்டும். நீ போன பிறகு உன் மகளைப் பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். "வேடப் பிள்ளைக்கு இஞ்ச சரிவராது" என்றார் அங்கிருந்தவர். அவள் பெயரைப் பதியும் வரை, காலையிலிருந்து பின்னேரமாகும்வரை, நான் அவர் முன்னாலிருந்த கதிரையை விட்டு எழும்பவில்லை.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன கிழமை வகுப்பில் யாரோ வேடரைப் பற்றி இளக்காரமாகக் கதைத்தார்களாம். இவள் எழும்பி, "நான் வேடர் பிள்ளை. என்ன கேக்கவேணுமோ என்னட்டக் கேளுங்க" என்றாளாம். நான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை, பெண்ணே. அது உன்னுடையது.