இடது பக்கத் திரை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதறேன். இங்கே எல்லாரும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடிட்டுதான் இருக்கோம், அந்த அளவுக்குச் சுகம். நீ அங்கே உடம்பு நோகாம, வேளைக்குச் சாப்பிட்டு இருந்தா எனக்கு அது போதும். உன் தங்கச்சியை ஆபீஸ்ல வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க, விடிஞ்சா ஓட்டம், இருட்டினா வீடு. அவ பொண்ணுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு, இப்ப வீட்ல அவ பேரே பொக்கைதான், அந்தப் பொக்கை வாயை வெச்சுக்கிட்டு எங்க எல்லாரையும் அதிகாரம் பண்றா. போன்ல சொல்லாம எதுக்குக் கடிதம்னு கேட்பே. போன்னா நடுவுல அழுதுடுவேன், நீ அங்கே ஒண்ணும் பண்ண முடியாம தவிப்பே, அதனாலதான் எழுதறேன்.

அப்பா வேலையை விட்டுட்டு வீட்ல சும்மா உட்கார்ந்திருக்காரே, கம்ப்யூட்டர்லயே விமானம் ஓட்டற சிமுலேட்டர் செட் ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம், கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்கற சாமானா இல்லையான்னு சொல்லும்மான்னு கேட்டிருந்தே இல்லையா. போனோம். கடையில மூணு திரை பக்கத்துல பக்கத்துல வெச்சு, நடுவுல பிடிச்சு ஓட்ட கைப்பிடி, காலுக்குக் கீழே மிதிக்கறதுக்குப் பலகை, எல்லாம் அமர்க்களமாதான் இருந்துச்சு. கடையை நடத்தற பொண்ணு ரொம்ப மரியாதையா அவரை உட்கார வெச்சா. உங்கப்பா உட்கார்ந்த விதத்தைப் பார்க்கணுமே, அத்தனை வருஷம் சரக்கு விமானம் ஓட்டின மனுஷன், முதுகு தானா நிமிர்ந்துடுச்சு. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில கிடந்ததுக்கு அப்புறம் அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லைடா. அப்பவே மனசுக்குள்ள வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

நல்லாதான் மேலே ஏத்தினார். அப்புறம் சுத்தி வந்து இறங்கணும். அப்படிச் சுத்தும்போது ரன்வே நம்ம இடது கைப் பக்கம் வரும், அதைப் பார்த்துட்டேதான் திரும்பணும்னு எனக்கே பாடம் எடுத்துட்டு ஓட்டினார். ரன்வே வந்துச்சு, இடது பக்கத் திரையில பளிச்சுனு. விமானத்தைப் பத்தி ஒரு எழவும் தெரியாத எனக்கே தெரியுது. இவர் பார்க்கலை. நேரே போறார், வலது பக்கம் தேடறார், ரன்வே எங்கே ரன்வே எங்கேங்கறார். கடைசியில ஏதோ வயல்ல கொண்டு போய் முட்டிடுச்சு. எழுந்து நின்னு அந்தப் பொண்ணுகிட்ட, மெஷின் கோளாறும்மா, உன் இடது பக்கத் திரை வேலை செய்யலைன்னு சொன்னார். அந்தப் பொண்ணு திரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

அப்பதான் எனக்கு ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. தட்டுல இடது பக்கம் வெச்ச காயை அவர் தொடறதே இல்லை, என் சமையல் இறங்கிடுச்சாக்கும்னு நான் நொந்துக்கிட்டேன். பேப்பர்காரன் இப்பல்லாம் பாதி பாதி வாக்கியமா அச்சடிக்கறான்னு திட்டுவார், வயசான எரிச்சல்னு விட்டுட்டேன். கார்ல இடது பக்கம் பூரா கீறல், பக்கத்து வீட்டுக்காரர் மேல பழியைப் போட்டு அவரோட பேச்சுவார்த்தையே இல்லை. அந்தக் கார்லதான் தினமும் பொக்கையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறார். டாக்டர் திரும்ப வரச் சொன்னப்போ, கை கால் வந்துடுச்சே, இன்னும் என்னன்னு போகவே இல்லை. டாக்டர் கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னா பைலட் லைசென்ஸ் போயிடும்னு அவங்க தொழில்ல எல்லாருக்கும் ஊறிப்போன பயம், லைசென்ஸே இல்லாத காலத்திலயும் அது போகலை.

கடையிலேர்ந்து அவர்தான் ஓட்டிட்டு வந்தார். தடுக்க வாய் வரலை எனக்கு. அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்துட்டு, சைக்கிள், ஆள், ஆட்டோன்னு சொல்லிட்டே வந்தேன். நான் என்ன குருடனான்னு கத்தினார். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஒளிச்சேன், காரை மெக்கானிக்கிட்ட விட்டிருக்குன்னு உன் தங்கச்சியை விட்டுப் பொய் சொல்ல வெச்சேன். நடந்ததை நடந்தபடி சொல்லியும் பார்த்தேன். உன் புடவைக் கரை கலர் வரைக்கும் சொல்றேன், எனக்கா கண் தெரியலைங்கறார். திங்கட்கிழமை குழந்தையை நான்தான் கூட்டிட்டுப் போவேன், என்கிட்ட இன்னொரு சாவி இருக்குன்னு சட்டைப் பையைத் தட்டிக் காட்டறார். உன் தங்கச்சி என்னன்னா, அப்பா உடைஞ்சு போயிடுவார், வேற கடையில ஒரு செட்டை வாங்கிப் போட்டுடலாம், அதுலயே மூழ்கிக் கிடந்தா காரை மறந்துடுவார்ங்கறா. எனக்கு அது சரியாப் படலை.

ஞாயித்துக்கிழமை, வாங்க, இன்னொரு தடவை பார்த்துட்டு வருவோம்னு ஆட்டோ வெச்சு அதே கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பும்போது அவர் விமானம் கிளப்பறதுக்கு முன்னாடி கேட்கற மாதிரியே கேஸ், ஜன்னல், பின் கதவுன்னு ஒவ்வொண்ணாக் கேட்பார், நாம பதில் சொல்லணும். நான் சமையல் கட்டுலேர்ந்தே மூடியாச்சுன்னு கத்துவேன். பார்க்காம சொல்ற பதில் பதிலே இல்லை, போய்த் தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லுன்னு விரட்டுவார். அன்னிக்குக் கடையில அவர் ரன்வேக்காகச் சுத்தி வரும்போது நான் பக்கத்துல நின்னு, இடது பக்கம்னு கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னார். பார்க்காம சொல்ற பதில் பதிலே இல்லை, தலையைத் திருப்பிப் பார்த்துட்டுச் சொல்லுங்கன்னேன். முறைச்சார். ஆனா அது அவரோட சொந்தச் சட்டமாச்சே, மீற முடியலை. திருப்பினார். இன்னும் திருப்புங்கன்னேன். கழுத்து வலிக்கற அளவுக்குத் திருப்பினப்போ முழு ரன்வேயும் அங்கே இருந்துச்சு.

கையை எடுத்துட்டார்டா. விமானம் அது பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்தார், நடுவுக்கு முகத்தைத் திருப்பினார், மறுபடி இடது பக்கம் பார்த்தார். அப்புறம் என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார், பொக்கை கார்ல எந்தப் பக்கம் உட்காருவான்னு. இடது ஜன்னல்னு சொன்னேன். சட்டைப் பையிலேர்ந்து சாவியை எடுத்து என் கையில வெச்சார்.

மறுநாள் அவரே டாக்டர்கிட்ட போனார், கேட்காததையும் சொன்னார். கண்ணுல பழுது இல்லையாம், மூளைதான் இடது பக்கத்தைக் கணக்குல எடுத்துக்கலையாம், சரியாகலாம், ஆகாமலும் போகலாமாம். இப்போ வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கார். பேச்சு குறைஞ்சுடுச்சு. பொக்கை ஆட்டோல ஏறும்போது மட்டும் எழுந்து போய் நிற்கறார். உனக்குப் பதில் எழுதணுமே, என்ன எழுதன்னு கேட்டேன். வாங்க வேண்டாம்னு எழுது, மெஷின்ல கோளாறு இல்லைன்னும் எழுதுன்னார்.

நீ நல்லா இருக்கணும், எந்தக் குறையும் உன் பக்கம் வரக்கூடாது. தங்கச்சிக்கு ஒரு போன் போடு, அவ யார்கிட்டயும் சொல்லாம அழறா. ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே. போன தடவை ஆஸ்பத்திரியிலேர்ந்து நீ கிளம்பினப்போ, அப்பா என் முகத்தைக்கூடப் பார்க்கலைன்னு சொல்லி அழுதியாமே. நீ கட்டில்கிட்ட அவருக்கு இடது பக்கம் நின்னிருந்தேடா. அடுத்த தடவை வரும்போது வலது பக்கமா வந்து நில்லு.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சுட்டு இருக்கற
அம்மா