உன் காட்டு நித்தியகல்யாணி

அண்ணே,

இன்று செய்முறை வகுப்பில் மாணவிகள் நித்தியகல்யாணி இலையை அமிலத்தில் காய்ச்சி வடிகட்டினார்கள். அதில் ஆல்கலாய்டு என்கிற கசப்புச் சத்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. வடித்த நீரில் சோதனைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் ஆரஞ்சு நிறத்தில் திரிந்து அடியில் தங்கியது. "மிஸ், வந்திருச்சு!" என்று ஒருத்தி கூவினாள். நான் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். உன் சட்டையில் வீசிய அதே கசப்பு வாடை ஆய்வகம் முழுவதும் நிறைந்திருந்தது.

உசிலம்பட்டியில் நம் மானாவாரிக் காட்டில் நீ அந்தச் செடியைப் போட்ட வருடம் மழை பொய்த்திருந்தது. டீக்கடையில் உன்னைச் சும்மா விட்டார்களா? "போயும் போயும் சுடுகாட்டுப் பூவையா மாப்ள போட்டிருக்க?" என்று கேட்டார்கள். நீயோ, "ஆடு கடிக்காது, மாடு மேயாது, மழைக்கும் ஏங்காது. இம்புட்டுச் சொகமான வெள்ளாமைய ஒங்க பாட்டன் போட்டானா?" என்றாய்.

நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே அதே செடியில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வியாபாரி வேரை ஒரு சாக்கிலும் இலையை ஒரு சாக்கிலும் ஏற்றிப் போவான். வேரிலிருந்து ரத்தக் கொதிப்புக்கு மருந்து எடுக்கிறார்கள், இலையிலிருந்து புற்றுநோய்க்கு என்று உனக்குச் சொன்னேன்.

"அப்ப பூவு?"

"சர்க்கரைக்குக் காய்ச்சிக் குடிக்கிறாங்க. கேக்குதான்னு எனக்குத் தெரியாதுண்ணே."

"எதக் கேட்டாலும் தெரியாதுங்குற. எதப் பாத்து ஒனக்கு டாக்டர் பட்டம் குடுக்கப் போறாங்களோ!"

எனக்கும் சிரிப்பு வந்தது.

இரண்டு வருடம் கழித்து உன் கழுத்தில் கட்டிகள் எழும்பின. நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்று என்றார்கள். ஊசி நாள் வரும்போதெல்லாம் ஊரிலிருந்து வந்து, திருநகரில் என் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டாய். அந்த ஊசி மருந்து எந்த இலையிலிருந்து வருகிறது என்று நான் சொன்ன மறுநாளே வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாய். "எங்காட்டுச் சரக்குய்யா இது. சீமைக்குப் போய்ட்டுத் திரும்பி வந்திருக்கு!" நர்சுகூடச் சிரித்துவிட்டாள்.

மருந்து உன் விரல்களை மரத்துப்போகச் செய்தது. ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க முடியாமல் நின்றாய். நான் போட்டுவிட்டேன். விவரம் தெரிந்த பிறகு நாம் அவ்வளவு அருகில் நின்றதில்லை. ஆனால் கட்டிகள் கரைந்தன. புத்தகத்தில் படித்தது என் கண்ணெதிரே நடந்தது. எதையும் எளிதில் நம்பாத நான் அன்று நம்பினேன்.

பாதி ஊசி மிச்சமிருக்கும்போது நீ வருவது நின்றது. நான் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். மதினி அடுப்பில் சட்டி வைத்து நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நீ தம்ளரோடு காத்திருந்தாய்.

"ஊசியும் இதுதான, ஏத்தா? அவன் குப்பில அடைக்கிறான், ஒம் மதினி சட்டில காச்சுறா."

மூட்டை மூட்டையாக இலையைப் பிழிந்தால்தான் அந்த மருந்து நகத்தில் ஒட்டும் அளவு கிடைக்கும் என்றேன். அந்த ஒன்றைத் தவிர இலையில் என்னென்னவோ இருக்கிறது, சில நஞ்சு. வயிற்றுக்குள் போவதும் ஊசி வழியாக ரத்தத்துக்குள் போவதும் ஒன்றல்ல. நீ பொறுமையாகக் கேட்டாய். கேட்டுவிட்டு, "நான் வளத்த செடி எனக்குத் துரோகம் பண்ணுமா?" என்றாய். முகம் தெரியாத ஒருவன் அடைத்த குப்பியைவிட, விதைத்துக் களையெடுத்துக் கையால் உருவிய இலையை நம்மூரில் யார்தான் நம்பமாட்டார்கள்? என் படிப்பு அங்கே செல்லவில்லை.

"தை கழியட்டும். கட்டாயம் வாரேன்" என்றாய்.

அக்குளில் கட்டி வந்த பிறகுதான் வந்தாய். அதே ஊசியைப் போட்டார்கள். இந்த முறை அது கேட்கவில்லை.

கடைசி வாரத்தில் மதினி வெந்நீர் வாங்கப் போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். "நெசத்தச் சொல்லு. ஊசிய விட்டதுனாலயா?"

முழுதாகப் போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். போட்டிருந்தாலும் திரும்பி வந்திருக்கலாம். "தெரியலண்ணே" என்றேன். நீ தலையை ஆட்டினாய். நான் பொய் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. நீ போன வயதைத் தாண்டிவிட்டேன். வகுப்பில் பிள்ளைகள், "இந்தச் செடி புற்றுநோயக் குணப்படுத்துமா மிஸ்?" என்று கேட்கிறார்கள். செடி அல்ல, அதிலிருந்து பிரித்தெடுத்த மருந்து, சிலருக்கு, முழுதாகப் போட்டால் என்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள்.

உன் காரியம் முடிந்து நான் திருநகருக்குக் கிளம்பிய அன்று மதினி என்னோடு பஸ் நிற்கும் இடம் வரை வந்தார். பஸ் வருவது தெரிந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும். நான் காச்சிக் குடுத்தேனே, அதுனாலதான் ஒங்க அண்ணே போனாரா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்வியோடுதான் அவர் இனி ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்ட வேண்டும்.

"இல்ல மதினி" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கையை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஏறு. எடம் போயிரும்" என்றார்.

உனக்குக்கூடச் சொல்லாத பதில் அது, அண்ணே. ஆதாரமில்லாமல் என் வாயிலிருந்து வந்ததும் அது ஒன்றுதான். இத்தனை வருடமாக அதை நான் திருத்தவில்லை. திருத்தவும் மாட்டேன்.